பெட்டி வாங்கியாச்சு, சாவிக்கும் காசா?

போன முறை ஒரு வாசகருக்கு மின்னஞ்சல்களைக் கணினியில் சேர்த்து வைக்கும் மென்பொருளைப் பற்றி இரண்டு வரி எழுதப் போய், இந்த முறை அதைச் சுற்றியே கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. கேள்வி முதலில், அதன் கீழே என் பதில்.

ஆப்பிளின் மக் கணினியில் மின்னஞ்சல்களைச் சேர்த்து வைக்கவென்று மூன்று வருடத்துக்கு முன் ஒரு மென்பொருளை 40 டொலருக்கு வாங்கினேன். "ஒரு தரம் வாங்கினால் போதும்" என்று போட்டிருந்தார்கள். போன மாதம் மக்கைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பிறகு அது திறக்கவே இல்லை. எழுதிக் கேட்டால், நான்காம் பதிப்பு வந்துவிட்டது, 25 டொலர் கட்டுங்கள் என்கிறார்கள். மற்றப் பாவனையாளர்கள் எழுதியதைப் பார்த்தால், பாதிப் பேர் கொள்ளை என்கிறார்கள். மீதிப் பேர், எழுதியவனும் சாப்பிட வேண்டாமா என்கிறார்கள். கட்டுவதா, விடுவதா? (கணக்கு அலுவலகம் நடத்துபவர், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி)

முதலில் அந்த "ஒரு தரம்" என்ற சொல்லைப் பார்ப்போம். மாதச் சந்தா இல்லை என்று சொல்வதற்குத்தான் மென்பொருள் விற்பவர்கள் அதைப் போடுகிறார்கள். வரப்போகும் எல்லாப் பதிப்பும் இலவசம் என்று வாங்குபவர் வாசிக்கிறார். 3.1 இலிருந்து 3.2 க்குப் போவது இலவசம், 3 இலிருந்து 4 க்குப் போகக் காசு என்பது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். வாங்கிய அன்று வந்த ரசீது மின்னஞ்சலைத் தேடி எடுங்கள், எந்தப் பதிப்பு வரைக்கும் என்று அதிலே இருக்கக்கூடும். (அந்த ரசீதும் திறக்காத பெட்டிக்குள்தான் கிடக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள்.)

இரண்டாவது, அது ஏன் திறக்கவில்லை? மக் பக்கத்தில் எழுதியவரின் பேராசை மட்டும் காரணமாக இருப்பதில்லை. 2019 இல் மக்கின் கேட்டலினா என்ற பதிப்பு வந்தபோது பழைய 32 பிட் வகை மென்பொருள் அத்தனையும் ஒரே நாளில் நின்றுபோயின. 2023 இல் சொனோமா என்ற பதிப்பு வந்தபோது, ஆப்பிளின் மெயில் செயலிக்குள் ஒட்டிக்கொண்டு வேலை செய்த பழைய வகை இணைப்புகள் செல்லாமல் போயின. ஒவ்வொரு தடவையும் எழுதியவர் உட்கார்ந்து பாதியைத் திருப்பி எழுத வேண்டும். அதோடு ஆப்பிளின் இணைய மென்பொருள் கடையில், பழைய வாடிக்கையாளருக்கு மட்டும் குறைந்த விலையில் புதிய பதிப்பைக் கொடுக்க நேரான வழி வைக்கவில்லை. அதனால்தான் சிலர் அதைப் புதுச் சாமான் போல முழு விலைக்குப் போடுகிறார்கள், சிலர் சந்தாவுக்குத் தாவுகிறார்கள். உங்கள் ஆள் 40 ஐ 25 ஆகக் குறைத்துக் கேட்கிறார் என்றால் சொந்தத் தளத்தில் விற்கிறார் போலிருக்கிறது. அந்த அளவில் நியாயமான மனிசன்தான்.

25 டொலர் கேட்பதில் எனக்குக் கோபமில்லை. என் கடிதங்களைப் பூட்டி வைத்துக்கொண்டு கேட்டால் கோபம் வரும். நீங்கள் பார்க்க வேண்டியதும் அதுதான். மென்பொருள் சேமித்து வைத்திருக்கும் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். உள்ளே ஈஎம்எல் (.eml, கடிதத்துக்கு ஒரு பைல்) அல்லது எம்பொக்ஸ் (.mbox, பல கடிதம் ஒரே பைலில்) என்று முடியும் பைல்கள் இருந்தால் நீங்கள் ஒருவருக்கும் கடன்காரர் இல்லை. ஈஎம்எல் பைல் ஒன்றைச் சாதாரண எழுத்துச் செயலியில் இழுத்துப் போட்டுப் பாருங்கள்: அனுப்பியவர், பெறுபவர், திகதி, தலைப்பு என்று வரிவரியாக வரும், கீழே கடிதம் இருக்கும். இணைப்பாக வந்த படமும், சில வேளை தமிழ்க் கடிதமும் பக்கம் பக்கமாக விளங்காத எழுத்தாய் ஓடும், பயப்படாதீர்கள், எல்லாம் அதற்குள் பத்திரமாக இருக்கிறது. இந்த அமைப்பின் அடிப்படை 1982 இல் வகுத்தது. எந்தக் கம்பனி மூடினாலும் இதைத் திறக்க இன்னொரு மென்பொருள் இருக்கும்.

ஃபோல்டருக்குள் ஒரே ஒரு பெரிய பைல், அதுவும் அந்த மென்பொருளுக்கு மட்டும் விளங்கும் வகை என்றால், புதிய பதிப்புக்குச் சோதனைக் காலம் உண்டா என்று பாருங்கள். பெரும்பாலும் சில நாள் தருவார்கள். அந்த நாட்களுக்குள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடலாம்.

இதில் நான் சூடு கண்டவன். 2011 இல் ஒரு மென்பொருள் வாங்கினேன், பெயர் வேண்டாம். சில வருடத்தில் கம்பனியே இல்லை. அதைத் திறப்பதற்கென்றே ஒரு பழைய மடிக்கணினியை இன்னும் வைத்திருக்கிறேன். பற்றறி செத்துவிட்டது, வயரில் மட்டும் ஓடும், கரண்ட் போனால் அதுவும் போகும். வெளியே எடுக்கும் வசதி இருக்கிறதுதான், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கடிதம். 600 வரைக்கும் ஒவ்வொன்றாகச் சேமித்துவிட்டுக் கைவிட்டேன். வாங்க முன் இரண்டு நிமிடம் அந்த மெனுவைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

உங்கள் விசயத்துக்கு வருவோம். வாடிக்கையாளரின் கடிதங்களைத் தினமும் தேடுகிற அலுவலகம் என்றால் 25 டொலரைக் கட்டுங்கள், ஏறத்தாழ 7,500 ரூபா. வருமான வரிக் காலத்தில் மட்டும் திறந்து பார்ப்பவர் என்றால் எல்லாவற்றையும் எம்பொக்ஸாக எடுத்து, தண்டர்பேர்ட் என்ற இலவச மின்னஞ்சல் மென்பொருளில் போட்டுவிட்டு அந்த 25 டொலர்க்காரரை மறந்துவிடுங்கள். அப்புறம், அடுத்த தடவை மக்கைப் புதுப்பிக்க முன் அந்த மென்பொருளின் பக்கத்தை ஒருக்கால் பார்த்துவிட்டு "அப்டேட்"டை அழுத்துங்கள்.

பாவனையாளர்கள் மென்பொருளுக்குப் போடும் நட்சத்திரங்களைப் பார்த்து வாங்கலாமா? ஒரே மென்பொருளுக்கு ஐந்தும் இருக்கிறது, ஒன்றும் இருக்கிறது. (மானிப்பாய்)

நட்சத்திரத்தை விடுங்கள், திகதியைப் பாருங்கள். ஒற்றை நட்சத்திரங்கள் ஒரே மாதத்தில் கொத்தாக விழுந்திருந்தால், பெரும்பாலும் அந்த மாதம் கட்டணப் பதிப்பு வெளிவந்திருக்கும். அது காசுக் கோபம், மென்பொருளைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஐந்து நட்சத்திரம் போட்டவர்களில் பலர் வாங்கி இரண்டு நாள். மின்னஞ்சல் சேமிப்பில் இரண்டு நாள் அனுபவம் என்பது புதுச் செருப்பைக் கடைக்குள் போட்டு நடந்து பார்ப்பது மாதிரி.

நான் தேடி வாசிப்பது மூன்று நட்சத்திரக்காரர்களை. எத்தனை ஆயிரம் கடிதம் வைத்திருக்கிறேன், தேடினால் எவ்வளவு நேரம் எடுக்கிறது, இணைப்புகள் சரியாக வந்தனவா என்று எழுதுகிறவர்கள் அவர்கள்தான். "கடிதம் காணாமல் போனது" என்று இரண்டு பேர் சொன்னால் விலை எவ்வளவு மலிவென்றாலும் தொடாதீர்கள். எழுதியவர் பதில் போட்டிருக்கிறாரா, என்ன தொனியில் போட்டிருக்கிறார் என்பதையும் பாருங்கள். கடைசிப் பெரிய பதிப்பு வந்து எவ்வளவு காலம் என்பதும் முக்கியம். மூன்று வருடம் ஓடிவிட்டதென்றால் அடுத்தது வாசலில் நிற்கலாம். இப்போது வாங்கினால் அது இலவசமாகக் கிடைக்குமா என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். புதிய பதிப்புக்குச் சற்று முன் வாங்கியவர்களைப் பல நிறுவனங்கள் சும்மா ஏற்றிவிடும். பதிலே வரவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

அண்ணா, என்னிடம் இருக்கும் பழைய மென்பொருள் ஜிமெயிலுக்குள் போக மாட்டேன் என்கிறது. கடவுச்சொல் சரி. புதிய பதிப்பு வாங்கினால்தான் சரிவரும் என்கிறார்கள். (பல்கலைக்கழக மாணவி, கொக்குவில்)

தங்கச்சி, வாங்க முன் இதைச் செய்து பாருங்கள். சாதாரணக் கடவுச்சொல்லை மட்டும் வைத்து வெளி மென்பொருள்கள் நுழைவதை, தனிப்பட்ட கணக்குகளுக்கு 2022 மே 30 இலிருந்து கூகுள் நிறுத்தத் தொடங்கியது. புதிய மென்பொருள்கள் கூகுளின் சொந்த நுழைவுப் பக்கத்தைத் திறந்து அனுமதி கேட்கும், பழையவற்றுக்கு அது தெரியாது. கூகுள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பைப் (2-Step Verification) போட்டுவிட்டு, "ஆப் பாஸ்வேர்ட்" என்பதை உருவாக்குங்கள். 16 எழுத்து வரும். பழைய மென்பொருளில் உங்கள் கடவுச்சொல் இருந்த இடத்தில் அதைப் போடுங்கள். பெரும்பாலும் திறந்துவிடும். மிச்சம் பிடித்த காசுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் பாருங்கள்.

வருடச் சந்தா நல்லதா, ஒரேயடியாக வாங்குவது நல்லதா? (கடை வைத்திருப்பவர், சுன்னாகம்)

ரூபாவில் உழைத்து டொலரில் கட்டுகிறவர் சந்தாவுக்குத் தலையைக் கொடுக்க முன் இலங்கை ரூபா சரிந்த 2022 ஐ நினைக்க வேண்டும். மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் நின்றது, மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. வருடம் 40 டொலர் சந்தா என்றால் 8,000 ரூபா இரண்டு மாதமளவில் 14,400 ஆகிவிட்டது. விற்றவர் ஒரு சதமும் கூட்டவில்லை. ஒரேயடியாக வாங்கியிருந்தால், புதிய பதிப்புக்குப் போவதை அந்த வருடம் தள்ளி வைத்திருக்கலாம்.

சந்தாதான் ஒரே வழி என்றால் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: கட்டுவதை நிறுத்தினால் ஏற்கனவே சேர்த்ததைத் திறந்து பார்க்கலாமா? பார்க்கலாம் என்றால் சரி. இல்லை என்றால் அது வாடகை வீடு, சாமானை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே பூட்டுவார்கள்.

மெயில்ஸ்டோர் ஹோம் என்ற மின்னஞ்சல் சேமிப்பு மென்பொருள் இலவசம்தானே, அதைப் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். விண்டோஸில் ஓடும், நல்ல சாமான். ஆனால் வீட்டுப் பாவனைக்கு மட்டும்தான் இலவசம். கடைக்கு அவர்களிடம் வேறு பதிப்பு இருக்கிறது, அதற்குக் காசு.

ஒரு கடையில் இப்படியான மென்பொருளை "லைஃப்டைம் லைசன்ஸ்" என்று 2,000 ரூபாவுக்குப் போட்டுத் தருகிறார்கள். வாங்கலாமா? (யாழ்ப்பாணம்)

வேண்டாம். அது பெரும்பாலும் உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதியாக இருக்கும், அதற்கு ஆயுள் உத்தரவாதம் கொடுப்பது அவர்களுக்குச் சுலபம். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் கணினி நிரல்களும் அடங்கும் என்பது ஒரு பக்கம். மற்றப் பக்கம், நீங்கள் அந்த மென்பொருளுக்குள் போடப் போவது உங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல்லை. உடைத்தவன் யாரென்று கடைக்காரருக்கே தெரியாது.

முறையான சாமான் என்று சொல்லி விற்று, பிறகு ஏமாற்று என்று தெரியவந்தால், பில்லை எடுத்துக்கொண்டு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போங்கள், தொலைபேசி இலக்கம் 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். "பில் தேவையில்லை அண்ணை, நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்" என்று சொல்கிற கடைகளில் பில்லைக் கேட்டே வாங்குங்கள்.

தம்பி, 2004 இலிருந்து பிள்ளைகள் ரொறொன்ரோவிலிருந்து எழுதிய மின்னஞ்சல் எல்லாம் ஜிமெயிலில் வைத்திருக்கிறேன். 15 ஜிபி நிறைந்துவிட்டது, இனிக் காசு கட்டு என்று வருகிறது. 95 யாழ்ப்பாண இடப்பெயர்விலே கணவரின் கடிதக்கட்டு முழுக்க விட்டுவிட்டு வந்தனான், இதையும் விட மனமில்லை. எதை வாங்குவது? பழைய தமிழ்க் கடிதங்களைத் தேடினாலும் வருகுதில்லை. (ஓய்வுபெற்ற ஆசிரியை, கரவெட்டி)

ரீச்சர், ஒன்றும் வாங்க வேண்டாம். கூகுள் டேக்அவுட் என்ற பக்கத்தில் மெயிலை மட்டும் தெரிவு செய்து கேட்டால், எல்லாவற்றையும் எம்பொக்ஸாகக் கட்டித் தருவார்கள். தயாரானதும் மின்னஞ்சலில் ஒரு இணைப்பு வரும். அதற்குக் கெடு உண்டு, வந்த கிழமையே இறக்கிவிடுங்கள். பிறகு தண்டர்பேர்ட், அதற்குள் "இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி" என்ற இலவசத் துணைச் செயலி. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று அரைமணி நேரத்தில் செய்து தரும். கடிதங்கள் "லோக்கல் ஃபோல்டர்ஸ்" என்ற, உங்கள் கணினிக்குள்ளேயே உள்ள இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். கணக்கின் பெயருக்குக் கீழே இருப்பதை அழித்தால் ஜிமெயிலிலும் அழிந்துவிடும். எல்லாம் வந்துவிட்டதென்று நீங்களே பத்துக் கடிதமாவது திறந்து பார்த்த பிறகுதான் ஜிமெயிலில் கை வைக்கலாம்.

பிரதி ஒன்றைப் பென் டிரைவில் போடப் போனால் "பைல் மிகப் பெரிது" என்று வரக்கூடும், 64 ஜிபி பென் டிரைவ் வெறுமையாக இருந்தாலும். பல பென் டிரைவ்கள் ஃபட்32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருக்கும், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைப் பைலை அது ஏற்காது. எக்ஸ்ஃபட் முறைக்கு மாற்றினால் ஏறும். மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும் என்பதால் வெறும் டிரைவில் செய்யச் சொல்லுங்கள்.

தேடினால் வராததற்குக் காரணம் மென்பொருள் இல்லை ரீச்சர். அந்தக் காலத்தில் பிள்ளைகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். திரையில் "அம்மா" என்று தெரிந்தாலும் உள்ளே கிடப்பது ஆங்கில விசைகள். இப்போது பாவிக்கும் யுனிகோட் எழுத்தில் "அம்மா" என்று எவ்வளவு காசு கொடுத்த மென்பொருளில் தேடினாலும் அகப்படாது. தேடும் பெட்டியில் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் எம், கே, ஒரு அரைப்புள்ளி, திரும்பக் கே, எச் (mk;kh) என்று ஐந்து விசையையும் இடைவெளி விடாமல் அடித்துப் பாருங்கள். மூத்தவர் அந்த நாளில் எழுதியதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.