ஆறு வாரமாக எடை அசையாத கிளையண்ட்

நீங்கள் பயிற்சி கொடுப்பவருக்கு 48 வயது, வயிறு 102 செ.மீ., வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) 210. தினமும் ஒரு மணி நேரம் டிரெட்மில், இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி, ஆனாலும் எடை குறையவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிரஷருக்கு அட்டெனலால் போடுகிறார் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்களே, முதலில் அதைக் கவனியுங்கள். அந்த மாத்திரை இதயத் துடிப்பை அவ்வளவாக ஏறவிடாது. வயதை வைத்துப் போட்ட துடிப்புக் கணக்கை எட்டச் சொல்லி விரட்டினால் மனுஷனுக்கு நாக்குத் தள்ளிவிடும். பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும்.

டிரெட்மில்லைப் பாதியாகக் குறைத்து, வாரம் மூன்று நாள் எடைப் பயிற்சி கொடுங்கள். ரத்தச் சர்க்கரையை அதிகம் இழுத்துக்கொள்வது தசைதான். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் தண்டால், கேபிள் ரோ (எடை கட்டிய கேபிளை உடம்பை நோக்கி இழுப்பது) என்று தொடங்கலாம். மூச்சை அடக்கித் தூக்க விடாதீர்கள், பிரஷர் சட்டென்று எகிறும்.

சாப்பாடு? நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் சோற்றுக்கு மாற்றே இல்லை. இரண்டு சப்பாத்தி, முட்டை அல்லது சுண்டல், நிறையக் காய். அப்புறம் டீயில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை, வாரக்கடைசியில் குடி உண்டா என்று கேளுங்கள். டிரைகிளிசரைடு ஏறுவது பெரும்பாலும் அந்த வழியில்தான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் கால் மணி நேரம் நடக்கட்டும்.

மாத்திரை விஷயம் டாக்டருடையது, நாம் தொடவேண்டாம். எடை எந்திரத்துக்குப் பதில் டேப்பை எடுத்து மாதம் ஒருமுறை வயிற்றை அளந்து எழுதி வையுங்கள்.