அம்மம்மா கதையை நேராகவா சொன்னா?

கேள்வி: சென்ற இதழில் வந்த சிறுகதையை இரண்டு தரம் வாசித்தேன். யார் சொல்கிறார், எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது, ஒன்றும் பிடிபடவில்லை. கேட்டால் 'உத்தி' என்கிறார்கள். பழைய ஆட்கள் கதையை நேராகச் சொன்னார்கள். என் அம்மம்மாவும் நேராகத்தான் சொல்லுவா. நல்ல கதைக்கு உத்தி கித்தி எல்லாம் எதற்கு? எழுத்தாளர்கள் தங்கள் கெட்டித்தனத்தைக் காட்டத்தானே?

ஒரு வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு கதையைப் பொறுத்தவரை, ஆம்.

உங்கள் கடிதம் கிடைத்த பிறகு அதைத் திரும்ப எடுத்து, துண்டு துண்டாகக் கிடந்த பகுதிகளை நடந்த ஒழுங்கில் அடுக்கி வாசித்துப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. அதே கதைதான், கொஞ்சம் சுகமாக வாசிக்க முடிந்தது. ஒழுங்கைக் குலைத்ததால் வாசகனுக்குக் கிடைத்த லாபம் தலையிடி மட்டும்தான் என்றால் அதற்கு உத்தி என்று பெயரில்லை, ஒளித்துப் பிடித்து விளையாட்டு. எழுதிய பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள், அச்சுக்கு அனுப்பியவன் நான். விளங்கவில்லை என்று வாய் திறந்தால் நமக்கு இலக்கியம் தெரியாது என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் ஆசிரியனுக்கும் இருக்கிறது.

ஆனால் 'பழைய ஆட்கள் நேராகச் சொன்னார்கள்' என்றீர்களே, அங்கே உங்களை விடமாட்டேன்.

சிலப்பதிகாரத்தை எடுங்கள். நூலுக்கு முன்னால் நிற்கும் பதிகத்திலேயே முழுக்கதையும் வந்துவிடுகிறது. சிலம்பை விற்கப் போன கோவலன் பொற்கொல்லனிடம் அகப்பட்டதும், வெட்டுப்பட்டதும், பிறகு மதுரைக்கு நடந்ததும், எல்லாம். பதிகம் பிற்காலத்தில் சேர்த்தது என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. இருக்கட்டும். கண்ணகை அம்மனின் கோபம் தணியக் குளிர்த்தி பாடுகிற நம் கிழக்குச் சனத்துக்குப் பதிகம் இல்லாமலே முடிவு தெரியும். முடிவு தெரிந்துவிட்டால் 'அடுத்து என்ன நடக்கும்' என்ற பரபரப்பு போய்விடும். அந்த இடத்தில் அதைவிடப் பொல்லாத ஒன்று வந்து உட்காரும்: இந்த மனிதனுக்குத் தெரியாதது எனக்குத் தெரிகிறதே.

மதுரையை நெருங்கும்போது மதில்மேல் பறந்த கொடிகள் 'வாராதே' என்று கைகாட்டி மறிப்பதுபோல அசைந்தன என்கிறார் இளங்கோ. கோவலனுக்கு அவை காற்றில் ஆடும் கொடிகள். நமக்குத்தான் கைகள். அவன் நடந்துகொண்டே இருக்கிறான், நாம் கையைப் பிசைகிறோம். கொலையைக் கடைசிவரை மூடி வைத்துப் பிறகு திறந்து காட்டியிருந்தால் அந்த வரி ஓர் அழகான உவமை என்ற அளவில் நின்றிருக்கும். வாசகன் ஒருமுறை திடுக்கிட்டிருப்பான், அவ்வளவுதான். முன்கூட்டியே சொன்னதால், புகாரிலிருந்து மதுரை வரையுள்ள அத்தனை தூரமும் அவனுக்குக் கனக்கிறது.

இதற்கு நேர் எதிராக, ஒன்றுமே தெரியாமல் விடுகிற வித்தையும் நம்மிடம் உண்டு. குறுந்தொகையில் கபிலரின் 25ஆம் பாட்டு, மொத்தம் ஐந்தே அடி. தலைவி தோழியிடம் சொல்கிறாள்: அன்றைக்கு அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவன் பொய்த்துவிட்டால் நான் என்ன செய்வேன்? சொன்ன பிறகு ஒரு ஞாபகம் வருகிறது. ஒரு குருகு நின்றது. தினைத்தாள் போன்ற மெல்லிய பச்சைக் காலோடு, ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்தபடி.

இருந்த ஒரே சாட்சிக்கும் கண் மீனில்! இதையே புலவர் வெளியே நின்று 'அவர்கள் களவில் கூடினார்கள், அவள் அஞ்சினாள்' என்று 'நேராக' சொல்லியிருந்தால் எனக்கும் உங்களுக்கும் அவள்மீது ஓர் இரக்கம் வந்து போயிருக்கும். அவள் வாயால், அதுவும் தோழிக்கு மட்டும் கேட்கிற குரலில் சொல்ல வைத்ததால் நாம் தோழியின் இடத்தில் குந்தியிருக்கிறோம். ஆறுதல் சொல்ல வேண்டிய முறை நம்முடையது, சொல்ல ஒன்றுமில்லை. அவன் வந்தானா, கைவிட்டானா? கபிலர் வாய் திறப்பதில்லை. அகப்பாட்டில் ஒருவர் பெயரையும் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியம் விதித்ததால், இவள் எந்த ஊர் யாருடைய மகள் என்றும் தெரியாது. அதனால் அவள் எந்த ஊரிலும் இருக்கலாம், உப்புவெளியிலும்.

உத்தியை மேல்நாட்டிலிருந்து கப்பலில் இறங்கிய சாமான் என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லலாம். 1879இல் அச்சான 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படுவது. அதிலேயே பிரதாப முதலியார் 'நான்' என்றுதான் கதை சொல்கிறார். நாவல் வடிவம் வெளியிலிருந்து வந்தது, சரி. ஆனால் யார் வாயால் சொல்வது என்ற யோசனை சங்கத்திலேயே இருந்தது, அதற்குக் 'கூற்று' என்று பெயர் வைத்துப் பிரித்தும் வைத்தார்கள். (நம் ஊர்க்காரர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் எழுதிய 'மோகனாங்கி' நாவல் கோணமலையை விட்டு நாயக்கர் காலத்துக்குப் போய்விட்டதே என்று எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. அது வேறு கதை.)

சரி, நம் ஊர் உதாரணம் ஒன்று. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்குமுன் பாதையில் கடந்தவர்களுக்கு இது விளங்கும். வெளியூர் வாசகர்களுக்கு: இந்தப் பாதை ரோட்டு அல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடத்துகிற மிதவை. காய்ச்சல்காரப் பிள்ளைக்கு மருந்து வாங்கிக்கொண்டு ஒருவன் இரவில் துறையடிக்கு வருகிறான். கடைசிப் பாதை போய்விட்டது. சம்பவம் அவ்வளவுதான்.

அவனே, அந்த இரவிலேயே நின்று சொன்னால், நமக்கும் அக்கரையில் தெரிகிற ஒற்றை விளக்குதான். பிள்ளைக்கு எப்படியிருக்கிறது என்று அவனைப்போலவே நமக்கும் தெரியாது. அதே இரவை அக்கரையில் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் மனைவி சொன்னால், அவளுக்குத் துறையடி தெரியாது, பாதை போனதும் தெரியாது. 'எங்கேயோ கதைத்துக்கொண்டு நிற்கிறார்' என்று ஏசுவாள். நாமும் அவளோடு சேர்ந்து அவனை ஏசியிருப்போம். உண்மை தெரிய வரும்போது அவளுக்கு வருகிற வெட்கத்தில் பாதி நமக்கும் வரும். இனி, பல வருஷம் கழித்து, கிழவனான அவன் பாலத்தில் போகும் பஸ்ஸில் யன்னலோரம் இருந்து நினைக்கிறான் என்று வையுங்கள். பக்கத்து ஸீற்றில் ஒரு பெடியன் போனில் 'இந்தா வந்திட்டன்' என்று சொல்லி முடிக்குமுன் பாலம் முடிந்துவிடுகிறது. பிள்ளைக்கு என்ன நடந்தது என்று எழுதவே தேவையில்லை.

நீங்கள் கேட்கிற 'நேரான' கதை இதில் எது? மூன்றும் நேர்தான். எந்த இடத்தில் நின்று பார்க்கிறோம் என்பதுதான் வேறு. ஒன்றைத் தெரிவு செய்துதான் ஆக வேண்டும், தெரிவு செய்யாமல் எழுத ஏலாது. உங்களுக்கு நேராகத் தோன்றுகிற கதை, அந்தத் தெரிவு வெளியில் தெரியாதபடி எழுதப்பட்ட கதை. நல்ல தச்சன் செய்த கதிரையில் ஆணி எங்கே என்று நாம் தேடுவதில்லை. சென்ற இதழ்க் கதையில் ஆணி குத்தியது, நீங்கள் எழும்பிவிட்டீர்கள். அது உங்கள் பிழையில்லை. ஆனால் இனி ஆணியே வேண்டாம் என்கிறீர்கள், அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அப்புறம் உங்கள் அம்மம்மா. அவ நேராகச் சொன்னா என்பதை நான் நம்பவில்லை. 'கதவைத் திறந்து பார்த்தால்...' என்று சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டத்தைத் தேடியிருப்பா. பாக்கு வெட்டி, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போடும்வரை நீங்கள் அந்தக் கதவடியிலேயே நின்றிருப்பீர்கள். பேய்க்கதை என்றால் குரல் இறங்கியிருக்கும், பொல்லாத மாமியார் பேசும்போது மட்டும் குரல் மாறியிருக்கும். சில இடங்களை 'அது உனக்கு வேண்டாம்' என்று தாண்டியும் போயிருப்பா. அந்தத் தாண்டல்களில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் உங்களுக்குத் தெரியுமா?

அந்தக் கதைகளில் ஒன்றை, அவ நிறுத்தின இடங்களில் நிறுத்தி, தாண்டின இடங்களைத் தாண்டி எழுதி அனுப்புங்கள். ஒழுங்கை மாற்றாமல் போடுகிறேன்.