கனடா குளிரில் கார் நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது, அதுவரை என்ன செய்வது?

டொராண்டோவில் இது உங்களுக்கு முதல் குளிர்காலம், பழைய கார் வாங்கியிருக்கிறீர்கள், பனியில் நின்றுவிட்டால் உதவி எப்படிக் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். உதவி கண்டிப்பாகக் கிடைக்கும். ஆனால் உங்கள் கார் எந்தக் காலையில் மக்கர் பண்ணுகிறதோ அதே காலையில் ஊரில் இன்னும் ஆயிரம் கார்கள் மக்கர் பண்ணியிருக்கும், எல்லோரும் ஒரே எண்களைத்தான் அழைத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் யாரைக் கூப்பிடுவது என்பதைவிட, அவர்கள் வரும்வரை எப்படித் தாக்குப்பிடிப்பது என்பதுதான் பெரிய விஷயம். இதை நான் இரண்டு தடவை பட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதல் தடவை ஸ்கார்பரோவில், நாங்கள் இருந்த அடுக்ககத்தின் திறந்தவெளி பார்க்கிங்கில். ஜனவரி மாதம், திங்கட்கிழமை காலை, மைனஸ் 24. வெள்ளிக்கிழமை நிறுத்திய வண்டி. சாவியைத் திருப்பினால் டிக் டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான். இன்சூரன்ஸோடு சேர்த்து வாங்கியிருந்த அவசர உதவி எண்ணை அழைத்தேன், நாற்பது நிமிடம் பாட்டு கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்து, நான்கு மணி நேரத்தில் ஆள் வரும் என்றார். வந்தது ஏழு மணி நேரம் கழித்து, அதற்குள் வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. ஓட வைத்தவர் மூன்றாம் மாடியில் இருந்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். நான் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முழிப்பதைப் பார்த்துவிட்டு, தன் வேனைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, ஒரு வண்டியின் பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்குக் கரன்ட் கொடுக்கும் பூஸ்டர் கேபிளை எடுத்தார். (ஜம்ப் ஸ்டார்ட் என்று நாம் சொல்வதை இங்கே எல்லோரும் பூஸ்ட் என்றுதான் சொல்வார்கள்.)

சிவப்பு வயரை முதலில் என் பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனையை அவர் பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பை அவருடைய மைனஸில் மாட்டிவிட்டு, கடைசி முனையை என் பேட்டரியின் மைனஸில் வைக்கப் போனேன். சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, கறுத்ததைப் பற்றரியிலை கொழுவாதையும், அங்காலை எஞ்சின் இரும்பிலை கொழுவும்." கடைசி இணைப்பில் பொறி பறக்கும், பேட்டரிக்குப் பக்கத்தில் ஹைட்ரஜன் வாயு இருக்கலாம், அதனால்தான் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுவது. அவர் வண்டியை ஐந்து பத்து நிமிடம் ஓட விட்டோம், அப்புறம் என் வண்டி இருமிக்கொண்டே கிளம்பியது. கழற்றும்போது அதே வரிசையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். இன்னொன்று, பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ பூஸ்ட் கொடுக்கவே கூடாது. சார்ஜ் இறங்கிப்போன பேட்டரிக்குள் இருக்கும் திரவம் சாதாரணக் குளிரிலேயே உறைந்துவிடும், உறைந்த பேட்டரி வெடிக்கக்கூடும்.

நேராக கராஜுக்குப் போனேன். பேட்டரியைச் சோதித்துப் பார்த்த மெக்கானிக், இது போன கோடையிலேயே செத்துவிட்டது, உனக்கு இப்போதுதான் தெரிகிறது என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன், உண்மைதான். பேட்டரியை உள்ளுக்குள் அரித்துத் தின்பது வெயில்காலச் சூடு, குளிர் அதைக் காட்டிக்கொடுப்பதோடு சரி. மைனஸ் 18-இல் ஒரு பேட்டரி தன் பலத்தில் ஏறக்குறைய 60 சதவீதத்தை இழந்துவிடும், அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் கெட்டியாகிவிடுவதால் எஞ்சினைச் சுற்ற இரண்டு மடங்கு முக்க வேண்டியிருக்கும். புதுப் பேட்டரி வாங்கும்போது சிசிஏ என்று ஓர் எண் போட்டிருக்கும், மைனஸ் 18-இல் 30 விநாடி எவ்வளவு ஆம்பியர் தரும் என்பதன் அளவு அது, உங்கள் கார் கேட்பதைவிடக் குறைவாக வாங்காதீர்கள். வேலை மாறி வின்னிபெக், எட்மன்டன் பக்கம் போனீர்கள் என்றால் பிளாக் ஹீட்டரும் (நிறுத்தி வைத்த எஞ்சினைச் சூடாக வைக்க மின்சாரத்தில் சொருகுவது) தேவைப்படும். அங்கே கார்களின் மூக்கிலிருந்து பிளக் தொங்குவதை முதலில் பார்த்தபோது எல்லாம் எலக்ட்ரிக் கார் என்று நினைத்துவிட்டேன்!

இரண்டாம் தடவைதான் உண்மையில் பயந்தது. 2020 பிப்ரவரி, 401 நெடுஞ்சாலையில் கிங்ஸ்டன் நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம், மனைவியும் நான்கு வயதுப் பையனும் கூட. கோபர்க் தாண்டியதும் பேட்டரி விளக்கு எரிந்தது, ஸ்டியரிங் கல்லாகிவிட்டது, வெப்பமானி ஏறத் தொடங்கியது. பெல்ட் அறுந்திருக்கிறது. எங்கள் காரில் ஆல்டர்னேட்டர், ஸ்டியரிங், தண்ணீர் பம்ப் மூன்றும் அந்த ஒரே பெல்ட்டில்தான் ஓடின. எப்படியோ வலது பக்க ஷோல்டரில், அதாவது சாலையோர ஒதுக்கிடத்தில், ஓரம் கட்டினேன்.

எஞ்சினை ஓட விட முடியாது, அதனால் ஹீட்டரும் இல்லை. அரை மணி நேரத்தில் காருக்குள்ளும் வெளியிலும் ஒரே குளிர். காருக்குள்தானே உட்காரப்போகிறோம் என்று மூன்று பேருமே மெல்லிய ஜாக்கெட்டில் கிளம்பியிருந்தோம், நான் செய்த மிகப் பெரிய முட்டாள்தனம் அதுதான். அன்றிலிருந்து, இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தால் என்ன போடுவேனோ அதைத்தான் நெடுஞ்சாலைப் பயணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். டிக்கியில் இரண்டு கம்பளி, சின்ன மண்வெட்டி, கேபிள், டார்ச், பிஸ்கட், ஒரு பை பூனை மணல் (வீட்டுப் பூனைகள் மலம் கழிக்கப் போடும் மணல்; பனியில் சுழலும் சக்கரத்துக்கு அடியில் போட, எங்கள் வீட்டில் பூனை கிடையாது).

நின்ற இடத்தில் இறங்கி நடக்காதீர்கள், அதுவும் பனி கொட்டும்போது. சீட் பெல்ட் போட்டபடி, ஹஸார்டு விளக்கு எரிய, உள்ளேயே இருங்கள். கார் ஏதோ பனிச் சறுக்கலில் மாட்டி எஞ்சின் நன்றாக இருக்கிறது என்றால், மணிக்குப் பத்து நிமிடம் ஓட விட்டுச் சூடாக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் முதலில் புகைக்குழாயைச் சுற்றியிருக்கும் பனியை அள்ளிவிட்டு, காற்றடிக்காத பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். குழாய் அடைத்துக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு வாசனை இல்லை, தூக்கம் வருவதுபோல் இருக்கும், அவ்வளவுதான். இப்படி எஞ்சினை ஓட விட வேண்டி வரலாம் என்பதற்காகத்தான் குளிர்காலத்தில் டேங்க் பாதிக்குக் கீழே போக விடக்கூடாது என்று சொல்கிறார்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்ல, கடைசியாகக் கடந்த எக்ஸிட் எண் போதும். 401-இல் அந்த எண்கள் வின்ட்சர் பக்கத்திலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர் என்பதுதான். ஆபத்தான இடம் என்றால் 911, அவசரம் இல்லாமல் மாகாணப் போலீஸ் வேண்டும் என்றால் நட்சத்திரக் குறியோடு 677.

அன்றைக்கு நான் யாரையும் கூப்பிட்டு முடிப்பதற்குள் கூப்பிடாத ஒரு டோ வண்டி (பழுதான காரை இழுத்துச் செல்லும் வண்டி) பின்னால் வந்து நின்றது. பையன் நடுங்கிக்கொண்டிருந்தான், விலை எழுதாத காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன், அவர் காட்டிய யார்டுக்கே வண்டி போனது, மறுநாள் பில் எண்ணூறு டாலருக்கு மேல். இப்போது நிலைமை எவ்வளவோ மேல். 2024 ஜனவரியிலிருந்து ஒன்டாரியோவில் டோ நிறுவனங்களுக்கு மாகாணச் சான்றிதழ் கட்டாயம், இழுப்பதற்கு முன் ஒப்புதல் படிவம் தர வேண்டும், வண்டி எங்கே போக வேண்டும் என்று சொல்வது நீங்கள்தான். அதைத் தவிர டொராண்டோவைச் சுற்றி 400 வரிசை (401 போல 4-இல் தொடங்கும் எண் கொண்ட) நெடுஞ்சாலைகளின் சில பகுதிகளில் 2021 டிசம்பரிலிருந்து அந்தந்தப் பகுதிக்கு அங்கீகாரம் பெற்ற நிறுவனம்தான் இழுக்க முடியும் என்று ஆக்கினார்கள். படிவமும் இல்லாமல் கட்டணமும் சொல்லாமல் அவசரப்படுத்துபவரை அனுப்பிவிடுங்கள், எவ்வளவு குளிராக இருந்தாலும் சரி.

உறுப்பினராகச் சேர்வதா இன்சூரன்ஸில் சேர்ப்பதா என்பது அடுத்த குழப்பம். சிஏஏவில் (சாலையில் நின்ற கார்களுக்கு உதவி அனுப்பும் கனடிய வாகன ஓட்டிகள் சங்கம்) சேர்ந்தால் பாதுகாப்பு உங்களுக்கு, நண்பரின் காரில் போனாலும் நட்சத்திரக் குறியோடு 222 அழுத்தலாம். இன்சூரன்ஸில் சேர்ப்பது பெரும்பாலும் அந்தக் காருக்கு மட்டும். எதை எடுத்தாலும் எத்தனை கிலோமீட்டர் இழுப்பார்கள் என்று பாருங்கள். மலிவான திட்டங்களில் அது மிகக் குறைவு, சிஏஏவின் பிளஸ் திட்டத்தில் 200 கிலோமீட்டர். ஊருக்குள்ளேயே ஓட்டுபவருக்கு மலிவானது போதும், மான்ட்ரியல், ஒட்டாவா போகிறவருக்குப் போதாது.

வின்டர் டயர் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், வாங்குங்கள், அவ்வளவுதான். யாரும் சொல்லாத ஒன்று, வைப்பர் தொட்டியில் ஊரில் ஊற்றுவதுபோல் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். நான் ஊற்றினேன். முதல் குளிரிலேயே உள்ளே ஐஸ்கட்டி, கண்ணாடி முழுக்க உப்புச் சேறு, ஒன்றும் தெரியாமல் தலையை வெளியே நீட்டி ஓட்டினேன். பெட்ரோல் பங்கில் மைனஸ் 40 என்று போட்ட நீலத் திரவம் விற்கும், அதுதான்.

உங்களுடையது பழைய கார் என்பதால் முதலில் பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் தேதியைப் பாருங்கள். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் சோதனைகூட வேண்டாம், நவம்பருக்குள் மாற்றிவிடுங்கள்.