வெள்ளியாகத் தெரியும் ரோமானியக் காசில் வெள்ளி எவ்வளவு?

கேள்வி: ரோமப் பேரரசர் கல்லியேனஸ் உருவம் பொறித்த காசு ஒன்றை வாங்கினேன். நகைக்கடையின் எக்ஸ்ரே கருவி அதில் 30 விழுக்காட்டுக்கு மேல் வெள்ளி இருப்பதாகக் காட்டுகிறது. அவர் காலக் காசுகளில் 5 விழுக்காடுகூட இல்லை என்று படித்திருக்கிறேன். இது போலியா?

பதில்: இந்த அளவீட்டை மட்டும் வைத்துக் காசைப் போலி என்று தள்ளிவிட முடியாது. கருவி பிழையாகச் சொல்லவில்லை. அது பார்த்தது மிக மெல்லிய மேற்பரப்பை மட்டுமே. ரோமானிய அக்கசாலைகளில் (காசு அடிக்கும் கூடங்களில்) வெள்ளியும் செம்பும் கலந்த வில்லையைச் சூடாக்கி, மேலே கருகிய செம்பை அமிலக் கரைசலில் கரைத்தெடுத்த பின்னரே முத்திரை அடித்தார்கள். அதனால் உள்ளே செம்பு மிகுந்திருக்க, வெளியே வெள்ளி செறிந்து நின்றது. மாற்று, அதாவது வெள்ளியின் தூய்மை அளவு, மிகவும் இறங்கிய பிற்காலக் காசுகளுக்கு வெள்ளிப் பூச்சும் தனியாக ஏற்றப்பட்டது.

இதே மேற்பரப்பு ஆய்வாளர்களையும் நெடுங்காலம் ஏமாற்றியிருக்கிறது. பேரரசர் அகஸ்டஸ் காலத் தினாரியஸ் என்ற ரோம வெள்ளிக்காசு ஏறத்தாழத் தூய வெள்ளி, கி.பி. 64 அளவில் நீரோ அதன் எடையையும் மாற்றையும் குறைத்தார். அவர் குறைத்த மாற்று 93 விழுக்காடு என்றே பல நூல்கள் எழுதிவந்தன. காசைத் துளையிட்டு உட்பகுதியிலிருந்து மாதிரி எடுத்தபோதுதான் அது சுமார் 80 விழுக்காடு என்று தெரியவந்தது. கோயம்புத்தூர் வட்டாரப் புதையல்களில் அகஸ்டஸ், திபேரியஸ் காசுகளே நிறைந்திருப்பதும், நீரோவுக்குப் பிந்திய வெள்ளிக்காசுகள் தமிழகத்தில் அரிதாக இருப்பதும் இந்தக் குறைப்போடு சேர்த்தே விளக்கப்படுகின்றன. அயல்நாட்டு வணிகர் நல்ல மாற்றுடைய பழைய காசையே விரும்பினர் என்பது எனக்கும் ஏற்புடைய விளக்கம்.

அதன் பிறகு இறக்கம் பெரும்பாலும் படைச்செலவோடு பிணைந்தது. வீரர்களின் ஊதியத்தை உயர்த்திய செப்டிமியஸ் செவெரஸ் காலத்தில் வெள்ளி பாதியளவுக்கு வந்தது. 215இல் காரகல்லா, கதிர்முடி தரித்த தலையுடன் புதிய காசு வெளியிட்டார். இரண்டு தினாரியஸ் மதிப்பில் புழங்கியதாகக் கருதப்படும் அதில் ஒன்றரைத் தினாரியஸின் வெள்ளியே இருந்தது. உங்களிடம் இருப்பதும் அந்த வகைதான். 260இல் வலேரியன் பாரசீகரிடம் சிறைப்பட, மேற்கே கால் (Gaul, இன்றைய பிரான்சு) பகுதியும் பிரிந்துபோக, தனித்து ஆண்ட அவர் மகன் கல்லியேனஸ் படைக்குக் கூலி கொடுக்கக் காசை மேன்மேலும் செம்பாக்கினார். ஆனால் தந்தையும் மகனும் சேர்ந்து ஆண்ட 253–260 காலக் காசுகளில் வெள்ளி இதைவிடக் கூடுதல். எனவே உங்கள் காசு எந்த ஆண்டுகளைச் சேர்ந்தது என்பதை முதலில் எழுத்துப்பொறிப்பையும் பின்பக்க உருவத்தையும் கொண்டு உறுதிசெய்யுங்கள்.

உள்மாற்றை அறியக் காற்றிலும் நீரிலும் எடைபோட்டு அடர்த்தி காணலாம். தூய வெள்ளிக்கு 10.5, செம்புக்கு 8.96, 5 விழுக்காட்டுக் காசு 9-ஐ ஒட்டியே நிற்கும். 3 கிராம் காசுக்கு மில்லிகிராம் வரை காட்டும் தராசு வேண்டும். ஈயம் கலந்திருந்தால் அடர்த்தி உயர்ந்து, வெள்ளி மிகுதி என்று தோன்றச் செய்யும் என்பதால் இதையும் தோராயமாகவே கொள்ளுங்கள்.

உரைகல்லிலோ அமிலத்திலோ சோதிக்க வேண்டாம், மெருகூட்டவும் வேண்டாம். அந்த மெல்லிய வெள்ளிப்படலம் போனால் திரும்பாது; இவ்வகைக் காசுக்குச் சேகரிப்பாளர் தரும் விலையில் பெரும்பங்கு படலம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்ததே, உள்ளிருக்கும் வெள்ளியைப் பொறுத்ததன்று.