கேமராப் பை கேள்வி பதில்: சுமை குறைத்துக் கிளம்புவோருக்கு

குறைந்த சுமையோடு ஊர் சுற்றும்போது கேமராவை எந்தப் பையில் கொண்டு போவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். பதிலுக்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். பையின் எடையும் நாம் சுமக்கும் எடைதான். கடையில் ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்து எத்தனை அறை இருக்கிறது என்று பார்ப்போம், காலிப் பையைத் தோளில் மாட்டிப் பார்க்க மாட்டோம். இனி முதலில் அதைச் செய்யுங்கள்.

அக்கா, என்னிடம் கேனான் 1500டி, 18-55, 55-250, 50 எம்எம் லென்ஸ்கள் இருக்கின்றன. ஹம்பிக்கு மூன்று நாள் ரயிலில் போகிறேன். கடைக்காரர் 30 லிட்டர் கேமராப் பை ஒன்றைக் காட்டி, ‘பின்னால் லென்ஸ் வாங்கினாலும் இடம் இருக்கும்’ என்கிறார். வாங்கலாமா? (சேலம், கல்லூரி மாணவர்)

வேண்டாம் தம்பி. இருப்பதைக் கூட்டிப் பாருங்கள். பேட்டரியோடு கேமரா 475 கிராம். 18-55 சுமார் 200, 55-250 சுமார் 390, 50 எம்எம் 160. எல்லாம் சேர்த்து ஒன்றேகால் கிலோதான். தடித்த ஸ்பாஞ்ச் வைத்த 30 லிட்டர் கேமராப் பைகளில் பல, காலியாகவே இரண்டு கிலோவுக்குப் பக்கத்தில் நிற்கும். சரக்கைவிடச் சாக்கு கனம். அந்த 30 லிட்டரில் பெரும்பகுதியைத் தடுப்புகளே பிடித்துக்கொள்ளும். துணிமணிக்கு இடமில்லாமல் இன்னொரு பை எடுப்பீர்கள்.

அதற்குப் பதில் ‘கேமரா இன்சர்ட்’ என்று கேட்டு வாங்குங்கள். கேமரா க்யூப் என்றும் சொல்வார்கள். நாலு பக்கமும் ஸ்பாஞ்ச், உள்ளே வெல்க்ரோ தடுப்பு, மேலே மூடி. உங்களுக்கு வேண்டிய அளவில் முந்நூறு, நானூறு கிராமுக்குக் கிடைக்கும். கல்லூரிக்கு மாட்டிக்கொண்டு போகிற பையே 20, 25 லிட்டர் இருக்குமே, அது போதும்.

வாங்கும் முன் கட்டில்மேல் எல்லாவற்றையும் பரப்புங்கள். எந்த லென்ஸ் மாட்டியபடி வைப்பீர்களோ, அதை மாட்டியே அளங்கள். நீள அகலத்தை எல்லோரும் பார்ப்பார்கள், ஆழத்தை விட்டுவிடுவார்கள். உங்கள் கேமராவின் உயரம் மட்டுமே 10 செ.மீ. இன்சர்ட்டின் உள் ஆழம் 11 செ.மீ.க்குக் குறைந்தால் மூடி முட்டும், ஜிப் சீக்கிரம் போகும்.

அடுக்கும் முறையும் முக்கியம். சுருட்டிய துணி அடியில், அதற்கு மேலே முதுகை ஒட்டி இன்சர்ட். கனமான பொருள் முதுகுத்தண்டுக்கு அருகில் இருந்தால் பை பின்னால் இழுக்காது. மேல் ஜிப்பைத் திறந்ததும் கேமராவும் கைக்கு வரும். ஹம்பியில் இறங்கியதும் துணியை அறையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் தண்ணீர் பாட்டில்களை வையுங்கள். அந்த வெயிலில் இரண்டு லிட்டராவது வேண்டும். அதுவே இரண்டு கிலோ, உங்கள் கேமரா, லென்ஸ் எல்லாவற்றையும்விட அதிகம். பை கனமாக இருக்கக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

சோனி ஏ7 4 கேமரா, 24-70 ஜிஎம் 2, 70-200 ஜிஎம் 2 லென்ஸ்கள் வைத்திருக்கிறேன். சென்னையிலிருந்து குவஹாத்தி போய் அங்கிருந்து சிரபுஞ்சி. லேப்டாப்பும் வேண்டும். செக்-இன் பை இல்லாமல் 7 கிலோவுக்குள் முடியுமா? (சென்னை)

கணக்குப் போடுவோம் சார். கேமரா 658 கிராம், லென்ஸ்கள் 695, 1045. ஆக 2.4 கிலோ. லேப்டாப்பும் சார்ஜரும் ஒன்றரை கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா பேட்டரிகள், பவர் பேங்க், கார்டு, ஃபில்டர் எல்லாம் அரைக் கிலோவைத் தொடும். பையும் இன்சர்ட்டும் சேர்ந்து ஒன்றரை. 5.9 கிலோ ஆகிவிட்டது. துணிக்கு மிச்சம் 1.1 கிலோ. நனைந்த துணி சீக்கிரம் காயாத சிரபுஞ்சிக்கு இது போதாது.

என் யோசனை: இரண்டு லென்ஸையும் வீட்டில் வைத்துவிட்டு, டாம்ரான் 28-200 ஒன்றை மட்டும் எடுத்துப் போங்கள். எடை 575 கிராம். 1,165 கிராம் மிச்சமாகிறது. வாங்க மனமில்லையென்றால் வாடகைக்கு எடுக்கலாம். அருவிக்கும் மலைக்கும் எப்படியும் லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 8 பக்கம்தான் போவீர்கள், அங்கே வெளிச்சத்தை அதிகம் உள்ளே விடும் எஃப் 2.8 உங்களுக்கு உதவப் போவதில்லை. கல்யாணம் எடுக்கப் போவதாக இருந்தால் இதைச் சொல்லவே மாட்டேன்.

இண்டிகோவில் கைப்பைக்கு 55 × 35 × 25 செ.மீ., 7 கிலோ. மற்ற நிறுவனங்களில் கொஞ்சம் மாறும், டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள். உபரி பேட்டரியும் பவர் பேங்க்கும் கையோடுதான் போக வேண்டும், செக்-இன் பையில் போடக் கூடாது. ஒவ்வொன்றும் 100 வாட்-அவர் (பேட்டரி சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) வரை முன் அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது 74 வாட்-அவர்தான், பயப்பட வேண்டாம்.

இன்சர்ட்டின் பெரிய நன்மையே இங்கேதான். ஏடிஆர் மாதிரிச் சின்ன விமானங்களில் மேலறை குறுகல். ஏறும் இடத்தில் பையை வாங்கிக் கீழே சரக்கறையில் போட்டுவிடுவார்கள். அப்போது மேல் ஜிப்பைத் திறந்து இன்சர்ட்டை மட்டும் உருவிக் கையில் எடுத்துக்கொள்ளலாம். பேட்டரிகளையும் பவர் பேங்க்கையும் அதற்குள்ளேயே வைத்திருந்தால் இன்னும் நிம்மதி. தடுப்புகள் பையோடு தைத்து வரும் கேமராப் பையில் இதற்கு வழியில்லை.

பையோடு வரும் மழை உறை போதுமா அக்கா? வால்பாறையில் எல்லாம் நனைந்துவிட்டது. (பொள்ளாச்சி)

போதாது. அந்த உறை பையின் வெளிப்பக்கத்தை மட்டும்தான் மூடும். கழுத்திலிருந்தும் தோளிலிருந்தும் வழிகிற தண்ணீர் பட்டை வழியாக முதுகுப் பக்கம் இறங்கி, அங்கே உள்ள துணியில் ஊறும். இன்சர்ட்டையே வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாப் பைக்குள் போட்டு வையுங்கள். ட்ரெக்கிங் சாமான் கடைகளில் ‘ட்ரை பேக்’ என்று கேட்டால் தருவார்கள். அதற்குமேல் உறையும் போடுங்கள். அறைக்குத் திரும்பியதும் கேமராவை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு, ஸ்பாஞ்ச் காயும் வரை உள்ளே வைக்காதீர்கள்.

பின்பக்கம் திறப்பது, பக்கவாட்டில் திறப்பது, மேலே திறப்பது. எது நல்லது? (மதுரை)

எங்கே படம் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் நிற்பவருக்குப் பின்பக்கத் திறப்பு நல்லது. பை முதுகில் இருக்கும்வரை யாரும் ஜிப்பைத் தொட முடியாது. சேற்றில் கிடத்தினாலும் அழுக்காவது வெளிப்பக்கம்தான், முதுகு சுத்தமாக இருக்கும். ஆனால் கேமராவை எடுக்க ஒவ்வொரு முறையும் பையைக் கழற்ற வேண்டும், கூட்டத்தில் அதற்கு இடம் கிடைக்காது. ஆகவே கேமரா கழுத்தில், மீதி பையில்.

பக்கவாட்டில் திறப்பவை வேகமானவை. ஒரு தோள்பட்டையைக் கழற்றிப் பையை முன்னால் சுழற்றினால் போதும். ஜிப் திறந்தே கிடப்பதை மறந்து நடப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜிப்பின் இழுப்பை மாட்டி வைக்க ஒரு கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பையோடு ஏறி இறங்கும் பஸ் பயணத்துக்கு எனக்கு மேல் திறப்புதான் பிடிக்கும்.

என் உயரம் 150 செ.மீ. எந்தப் பை போட்டாலும் இரண்டு மணி நேரத்தில் தோள் கழன்றுவிடும் போல் வலிக்கிறது. (திருச்சி, பள்ளி ஆசிரியை)

உங்கள் முதுகு நீளத்துக்குப் பொருந்தாத பைகளாக மாட்டியிருக்கின்றன டீச்சர், நிறையப் பெண்களுக்கு இந்தச் சிக்கல் உண்டு. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு துருத்தும். இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் இரண்டு கைகளையும் வைத்தால் கட்டைவிரல்கள் பின்னால் ஒரு கோட்டில் நிற்கும். அந்த எலும்பிலிருந்து இந்தக் கோடு வரை வீட்டில் யாரையாவது தையல் டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். உயரத்தை விட்டுவிடுங்கள், இந்த அளவுக்குப் பொருந்தும் பைதான் உங்களுக்கு வேண்டியது. பெரிய மலையேற்றப் பைகளில் இதைக் கூட்டிக் குறைக்கும் வசதி உண்டு, கேமராப் பைகளில் பெரும்பாலும் கிடையாது.

ஐந்து கிலோவைத் தாண்டினால் இடுப்புப் பட்டை அவசியம். அது வயிற்றில் உட்காரக் கூடாது, இடுப்பெலும்பின்மேல் உட்கார வேண்டும். முதலில் அதை இறுக்கி, அப்புறம் தோள்பட்டையைச் சரிசெய்யுங்கள். மார்புப் பட்டையை மூச்சுவிடச் சிரமமில்லாத அளவுக்கு மாட்டினால் போதும். கடையிலேயே நாலைந்து கிலோ சாமானைப் பையில் போட்டு, கால்மணி நேரம் நடந்து பார்த்து வாங்குங்கள்.

ட்ரைபாடு (கேமரா முக்காலி) வேண்டுமா? (கோவை)

இரவுப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் அனுமதி இல்லாமல் ட்ரைபாடு வைக்க விடமாட்டார்கள், சும்மா சுமந்து திரிவீர்கள்.

ஸ்லீப்பர் கோச்சில் இரவு எப்படிப் பத்திரப்படுத்துவது? (நாகர்கோவில்)

பையைக் கீழ் பெர்த்தின் அடியில் உள்ள வளையத்தில் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். இன்சர்ட்டை மட்டும் எடுத்துத் தலைமாட்டில் வையுங்கள். நிறுவனத்தின் பெயர் பெரிதாக எழுதிய கேமராப் பை, உள்ளே என்ன இருக்கிறது என்று ஊருக்கே சொல்லும். கல்லூரிப் பையை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

ஐந்து வருடப் பை. உட்புறம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, தூளாக உதிர்கிறது. துவைத்தால் சரியாகுமா? (தூத்துக்குடி)

ஆகாது. துணியின் உட்பக்கம் தண்ணீர் புகாமல் பூசிய பாலியூரித்தேன் ஈரக்காற்றில் சிதைந்துவிட்டது. கடலோர ஊர்களில் இது சீக்கிரமே நடக்கும். அந்தத் தூள், லென்ஸ் மாற்றும்போது கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்யும் சென்சார்மேல் போய் உட்காரும். பையைக் கேமராவுக்குப் பயன்படுத்துவதை இன்றே நிறுத்துங்கள். அதிலிருந்த லென்ஸ்களை, முன்மூடி பின்மூடி உட்பட, ஊதுபந்தால் ஊதி மென்மையான தூரிகையால் தட்டுங்கள்.

அடுத்த பையை பாலித்தீன் உறையில் சுற்றிப் பரணில் போடாதீர்கள். காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். கேமராவை எந்தப் பையிலும் மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்து வைக்கும், லென்ஸில் பூஞ்சை வரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் ஒரு கைப்பிடி, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் இருந்தால் போதும். மீட்டர் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வாங்குங்கள், நிறம் மாறியதும் புதிதாக மாற்றிவிடுங்கள்.