பால் தெளிக்க ஓர் இடம்

ஐயா, வணக்கம். போன மாதம் அப்பச்சி (எங்கள் அப்பா) தவறிவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து தம்பி வரும்வரை குளிர்பெட்டியில் வைத்திருந்து, எரிவாயு தகன மேடையில் தகனம் செய்தோம். மறுநாள் காலை பால் தெளிக்கப் போனால் எங்கே தெளிப்பது என்றே தெரியவில்லை. அஸ்திச் சட்டியைச் சுற்றுச்சுவர் ஓரம் வைத்துத் தெளித்துவிட்டு வந்தோம். பங்காளிகளில் பெரியவர் ஒருவர், "விறகில் வைத்திருந்தால் இந்தக் குறை வந்திருக்காது" என்கிறார். அவர் சொல்வது சரியா?

— ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

அப்பச்சிக்கு என் அஞ்சலி. பெரியவர் சொல்லும் குறை உண்மைதான். ஆனால் பழியை நெருப்பின் மேல் போடவேண்டாம், இடத்தைக் கட்டியவர்கள் மேல் போடலாம்.

விறகுச் சிதைக்கு 300 முதல் 500 கிலோ விறகு வேண்டும். மழைக்காலத்தில் ஈர விறகோடு உறவுக்காரர்கள் படுகிற பாடு பெரியவருக்கும் தெரிந்திருக்கும். எரிவாயு மேடையில் ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிகிறது. புகையும் தண்ணீரில் கழுவப்பட்டு 100 அடிப் புகைபோக்கி வழியாகப் போகிறது. மயானத்தை ஒட்டி வீடுகள் வந்துவிட்ட ஊர்களில் இதுதான் நல்லது. அப்பச்சியை அக்கினியிடம்தான் ஒப்படைத்திருக்கிறீர்கள். அதில் சந்தேகமே வேண்டாம்.

சரி, குறை எங்கே? நீர்க்குடத்தைத் தோளில் வைத்து மூன்று முறை சுற்றவேண்டும். சுற்றுக்கு ஒரு துளை, ஒழுகும் தண்ணீரோடு நடை, கடைசியில் குடத்தைப் பின்னால் போட்டு உடைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொள்ளி. நான் பார்த்த சில தகன மேடைகளில் தள்ளுவண்டி சுவரை ஒட்டி நிற்கிறது. சுற்றிவர வழியே கிடையாது. வழவழப்பான டைல்ஸ் தரையில் தண்ணீர் ஒழுகியதும், கொள்ளி வைக்கிற பிள்ளை வழுக்கி விழாமல் இருக்க இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நெஞ்சில் சூடம் ஏற்றிய உடனே "நகருங்க, நகருங்க" என்று ஒரு குரல். அந்த நேரத்தில் கேட்கிற பேச்சா அது?

பால் தெளிப்பதும் அப்படித்தான். வெந்த இடத்தைக் குளிர வைத்து, எலும்பு பொறுக்குகிற சடங்கு அது. சட்டி கைக்கு வந்துவிட்டது, இடம் மட்டும் காணாமல் போய்விட்டது. மரத்தடியில் நாலடிக்கு நாலடி மணல் பாத்தி, பக்கத்தில் ஒரு குழாய், உட்கார ஒரு கல் மேடை. இதற்குப் பெரிய செலவு ஆகாது. பெண்களும் இப்போது மயானம்வரை வருகிறார்கள். அவர்கள் குளித்து உடை மாற்றத் தனி அறை வேண்டும். வரைபடம் போடும்போதே யாராவது கேட்டிருந்தால் எல்லாம் கிடைத்திருக்கும்.

இந்த யோசனையெல்லாம் நமக்குப் புதிதல்ல. மணிமேகலையில் வரும் புகார் நகரத்துச் சுடுகாட்டுக் கோட்டத்துக்கு மதில் உண்டு, நான்கு வாயில் உண்டு. ஒரு வாயிலில் நெல்லும் கரும்பும் நீரும் சோலையும் ஓவியமாக இருக்கும். இன்னொன்றில் எதுவுமே எழுதாமல் வெறும் வெண்சுதை. அழுதுகொண்டு வருகிறவன் கண்ணுக்கு எது தெரியவேண்டும் என்றுகூட யோசித்திருக்கிறார்கள். அப்புறம் நம் செட்டிநாட்டு வீடுகள்! முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று எந்தக் காரியம் எங்கே நடக்கவேண்டும் என்பதற்குக் கணக்கு வைத்துக் கட்டிய ஊர்க்காரர்கள், கடைசிக் காரியத்துக்கு மட்டும் கிடைத்த இடம் போதும் என்று இருந்துவிடலாமா?

காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஊர் பெருகினால் தகன மேடைகளும் பெருகத்தான் செய்யும். டெண்டர் விடுவதற்கு முன்பே போய்ப் பேசவேண்டும். உங்கள் ஊரிலும் மணல் பாத்தி கேட்டு ஒரு மனு எழுதுங்கள், அந்தப் பெரியவரிடம் முதல் கையெழுத்து வாங்குங்கள். என் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்