சின்னக் கடல்நீர்த் தொட்டிக்கு எந்த மீன்? கேள்வி பதில்

100 லிட்டர் வரையிலான கடல்நீர்த் தொட்டிகளுக்கு மீன் தேர்வதைப் பற்றி மட்டும் கேளுங்கள். விளக்கும் வடிகட்டியும் இன்னொரு நாள். கடையில் பார்த்த அளவை என்னிடம் சொல்ல வேண்டாம், வளர்ந்தால் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

புதுஅலை: 75 லிட்டர் தொட்டி, சைக்கிள் (கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா தொட்டியில் பெருகும் காலம்) முடிந்துவிட்டது. நன்னீரில் இதே அளவில் பன்னிரண்டு மீன் வளர்த்தேன். இதில் எத்தனை விடலாம்?

மூன்று. மிஞ்சிப்போனால் நான்கு. நன்னீர்க் கணக்கு இங்கே செல்லாது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் 8 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் கரையும், கடல்நீரில் 7 கூட வராது. அப்புறம், 75 லிட்டர் என்பது கண்ணாடியின் கணக்கு. பாறையும் மணலும் போட்ட பிறகு உள்ளே எவ்வளவு தண்ணீர் பிடித்தது என்று அளந்து பாருங்கள்.

எண்ணிக்கையைவிட, யார் எங்கே குடியிருப்பார் என்பது முக்கியம். நடுத்தண்ணீருக்கு ஒரு ஜோடி ஆசெல்லாரிஸ் கோமாளி மீன். சிறு வயதிலேயே ஒன்று சற்றுப் பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் பார்த்து எடுங்கள். கடலில் அது அடைக்கலம் புகும் அனிமோன் என்ற கடல் உயிரி இல்லாமலே நன்றாக இருக்கும். அடித்தளத்துக்கு ஒரு மஞ்சள் வாட்ச்மேன் கோபி, வளர்ந்தாலும் 10 செ.மீ.க்குள் நிற்கும். முடிந்தால் அதோடு ஒரு பிஸ்டல் இறாலும் விடுங்கள். இறாலுக்குக் கண் மந்தம், ஆனால் வளை தோண்டுவதில் கெட்டி. மணலை அள்ளிக்கொண்டு வெளியே வரும்போதெல்லாம் ஒரு மீசையை கோபியின் உடம்பின் மேலேயே வைத்திருக்கும். வாசலில் காவலிருக்கும் கோபி வாலைச் சின்னதாக ஒரு உதறு உதறினால் போதும், இறால் உள்ளே போய்விடும். பெரிய தொட்டியில் இதையெல்லாம் தேடித்தான் பார்க்க வேண்டும், உங்களுக்கு மூக்குக்கு நேரே நடக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் இடைவெளி, சாதுவான மீன் முதலில்.

நீலக்கல்: 4 செ.மீ. நீல டேங் (tang) மீன் குட்டி ஒன்று கிடைக்கிறது. என் தொட்டி 100 லிட்டர். ஒரு வருஷம் வைத்திருந்துவிட்டுப் பெரிய தொட்டிக்கு மாற்றலாமா?

வேண்டாம். அது 30 செ.மீ. வரை வளரும், பகல் முழுக்க நீந்தும். பெரிய தொட்டியை முதலில் வாங்குங்கள், மீனை அப்புறம்.

வண்ணப்பிரியை: மாண்டரின் மீன் 8 செ.மீ.தானே சார், அது சரிப்படும் அல்லவா?

உடம்பு சரிப்படும், வயிறு சரிப்படாது. பாறை இடுக்கில் இருக்கும் கோப்பிபாட் என்னும் மிகச் சிறிய உயிரினங்களைக் காலை முதல் மாலை வரை கொத்திக்கொண்டே இருக்கும் மீன் அது. சின்னத் தொட்டியில் சில வாரங்களில் அதைத் துடைத்துவிடும். பக்கத்தில் உறைந்த இறால் மிதந்தாலும் பெரும்பாலானவை திரும்பிப் பார்க்காது, மெலிந்து செத்துப்போகும். தொட்டியிலேயே பிறந்து, உறைந்த தீனிக்குப் பழகியது கிடைத்தால், அது உண்பதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு யோசியுங்கள்.

கரையோரம்: ஃபயர்ஃபிஷ்?

நல்ல தேர்வு, 8–9 செ.மீ. பயந்தால் துள்ளும். வலை மூடி இல்லாமல் வாங்காதீர்கள்.

கடல்ராஜா: 60 லிட்டரில் நீல டேங், சின்னதுதான்...

மேலே நீலக்கல்லுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பழையகை: பயமுறுத்துகிறீர்கள். தொட்டிக்குத் தகுந்த மாதிரி மீன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

எல்லோரும் சொல்லும் விஷயம். நெருக்கடியில் வளர்ச்சி குன்றுவது உண்மைதான். கழிவு சேர்ந்த தண்ணீர், ஓயாத மிரட்சி, நீந்த இடமின்மை எல்லாம் சேர்ந்து மீனை முடக்கிப்போடுகின்றன. குன்றிப்போனதைப் பார்த்து, தொட்டிக்குப் பொருந்திவிட்டது என்கிறீர்கள்.

பழையகை: கோமாளி மீன் தன் அளவைத் தானே கட்டுப்படுத்தும் என்று ஆராய்ச்சியே இருக்கிறது. அதை ஏன் மறைக்கிறீர்கள்?

மறைக்கவில்லை, நீங்கள் எடுத்துக் கொடுத்ததில் மகிழ்ச்சி. பீட்டர் பஸ்டன் 2003இல் வெளியிட்டது அது. பெர்குலா கோமாளி மீன்கள் ஒரு அனிமோனில் வரிசைக்கிரமமாக வாழும். மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை இனப்பெருக்கம் செய்யாதவை. கீழே இருப்பது, தனக்கு மேலே இருப்பதை எட்டிவிடாதபடி வளர்ச்சியை அடக்கிக்கொள்ளும். எட்டினால் மேலே இருப்பது துரத்திவிடும். மேலே ஒன்று போனால் கீழே உள்ளது வளரத் தொடங்கும். ஆக அந்த மீன் பார்ப்பது மேலதிகாரியை, கண்ணாடிச் சுவரை அல்ல. டேங்குக்கு இதில் என்ன பங்கு?

இரட்டைக்கோடு: அண்ணா, அப்படியானால் என் ஜோடியில் சின்னது பெரியதன் முன்னால் உடம்பை நடுக்குகிறதே, அது நோயா?

இல்லை தம்பி, பணிவு. "நீதான் பெரியவள், நான் சும்மா இருக்கிறேன்" என்று சொல்கிறது. பெரியது இறந்துவிட்டால் இந்தச் சின்னது வளர்ந்து பெண்ணாக மாறும்.

பழையகை: என் நண்பர் 100 லிட்டரில் எட்டு மாதமாக டேங் வைத்திருக்கிறார்.

டேங் பத்து வருஷத்துக்கு மேல் வாழக்கூடிய மீன். எட்டு மாதம் அதற்குக் குழந்தைப் பருவம். இதோடு இந்தப் பேச்சை முடித்துக்கொள்வோம்.

கூட்டம்: பச்சைக் குரோமிஸ் ஆறு விட்டால் கூட்டமாக நீந்துமா?

கொஞ்ச நாள். பிறகு பலமானது பலவீனமானதை ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கட்டும். சின்னத் தொட்டியில் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான்.

சதுரம்: கட்டைவிரல் அளவில் மஞ்சள் பெட்டி மீன், கறுப்புப் புள்ளியோடு. மனசு கேட்கவில்லை.

கேட்க வையுங்கள். அது 40 செ.மீ. தாண்டும். மிரண்டாலோ செத்தாலோ தோலிலிருந்து நஞ்சை விடும், சின்னத் தொட்டியில் மற்ற மீன்களும் சேர்ந்து போகும்.

கடல்ராஜா: மஞ்சள் டேங்?

அதுவும் டேங்தான். 20 செ.மீ.

சிறுதுளி: எனக்கு இருப்பது 40 லிட்டர்தான். மீனே விடக் கூடாதா?

தாராளமாக விடலாம். நியான் கோபி ஒன்று, 5 செ.மீ.தான் வளரும், கை நுழைத்தால் ஓடாமல் கிட்டே வரும். இல்லையென்றால் கிளவுன் கோபி. பவளக் கிளையில் குந்திக்கொண்டு முறைக்கும். ஆனால் அக்ரோபோரா என்னும் பவளம் வளர்க்கிறீர்கள் என்றால் இரண்டாவதை விட்டுவிடுங்கள், அது குந்தும் கிளையையே கொறித்துவிடும்.